துண்டு போட்ட இடம்

வணக்கம் ஐயா,

எங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) எழுதும் குழுவில் இருக்கிறேன். பயனர் புரோகிராம்கள் டிரைவருக்கு அமைப்புகளை அனுப்ப ஒரு ஸ்ட்ரக்ட் (பல புலங்களை வரிசையாக அடுக்கிய தரவுத் தொகுப்பு) உண்டு. அதில் புதிய புலம் ஒன்று சேர்க்க வேண்டும். பதிப்பு எண் வைக்கலாமா, கடைசியில் காலியாக இருக்கும் நான்கு பைட்டைப் பயன்படுத்தலாமா? பழைய புரோகிராம் வைத்திருப்பவர்கள் மறுபடி கம்பைல் செய்துகொண்டால் (மூல நிரலிலிருந்து புதிதாக உருவாக்கிக்கொண்டால்) போதும் என்கிறார் குழுத்தலைவர். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ரஸ்ட் என்ற நிரல்மொழியைக் கற்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

ரஸ்ட் கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். பதிப்பு எண் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. வைக்கிறவர்களில் பாதிப்பேர் அதைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நான்கு பைட். போன வாரம் முழுக்க, நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் லினக்ஸில் உள்ள ஈத்டூல் என்ற கருவியின் பழைய ஸ்ட்ரக்டில் இருக்கும் அப்படியொரு காலியிடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் கார்டின் வேகத்துக்கு 16 பிட் ஒதுக்கியிருந்தார்கள். மெகாபிட் கணக்கில் 65,535 வரை போகும். 40 கிகாபிட் அடங்கிவிடும், 100 கிகாபிட் அடங்காது. புலத்தை அகலப்படுத்தினால் அடுத்த புலங்களெல்லாம் இடம் நகர்ந்துவிடும். எனவே பின்னால் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் இன்னொரு 16 பிட்டை எடுத்து, வேகத்தின் மேல்பாதியை அங்கே வைத்தார்கள். ஒரே எண்ணின் இரு பாதிகளுக்கு நடுவே 14 பைட் தூரம்! அழகில்லைதான். ஆனால் பழைய புரோகிராம் எதுவும் சாகவில்லை. கீழ்ப்பாதியை மட்டும் படிக்கிற புரோகிராம் 100 கிகாபிட் கார்டை 34,464 மெகாபிட் என்று காட்டும். தப்புத்தான், ஆனால் ஓடும். இன்னொரு வேடிக்கை: வேகம் தெரியாதபோது டிரைவர்கள் −1 என்று எழுதுவார்கள். பழைய டிரைவரிடமிருந்து அது 16 பிட்டில் 65,535 ஆக வரும், புதியதிடமிருந்து 32 பிட்டில் 4,29,49,67,295 ஆக வரும். இரண்டுக்குமே ‘தெரியாது’ என்று காட்ட வேண்டிய பொறுப்பு ஈத்டூலின் தலையில் விழுந்தது.

‘மறுபடி கம்பைல் செய்துகொண்டால் போதும்’ என்கிறீர்கள். யார் செய்வது? லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஒரு இடைமுகத்தை மாற்றுகிறவர் அங்கே இருக்கும் டிரைவர்களையும் சேர்த்துத் திருத்திவிடுவார். எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வெளியே இருக்கும் புரோகிராமை எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார், மூல நிரல் எந்த வட்டிலோ அழிந்திருக்கும். அதை நம்பி ஒரு ஆலை ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாக்கியத்தை இனி எழுதாதீர்கள். உங்கள் குழுத்தலைவரிடமும் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

காலியிடத்துக்கு வருகிறேன். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் அல்லவா? துண்டு போட்டால் மட்டும் போதாது, ஏறிப் போய் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கவும் வேண்டும். நான் பார்க்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிரைவரில் நான்கு பைட்டை ஒதுக்கி வைத்தேன். ‘பூஜ்யமாக இருக்க வேண்டும்’ என்று குறிப்பும் எழுதினேன். இரண்டு ஆண்டு கழித்து, கார்டு எவ்வளவு நேரம் அனுப்பாமல் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணை அங்கே குடியேற்றினேன். எங்கள் சோதனைக்கூடத்தில் எல்லாம் நன்றாக ஓடியது. வாடிக்கையாளர் இடத்திலோ தினமும் மாலை அறிக்கை தயாரானதும் நெட்வொர்க் உறைந்துபோனது. மூன்று இரவு கண்விழித்தபின், டிரைவருக்கு வருவதை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன். அந்த நான்கு பைட்டையும் எழுத்தாக மாற்றினால்: ஒரு புள்ளி, டி, எக்ஸ், டி. ஏதோ கோப்புப் பெயரின் வால்! அவர்கள் புரோகிராம் ஸ்ட்ரக்டைத் துடைக்காமல் ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தில்) வைத்திருந்தது. சற்றுமுன் அறிக்கைக் கோப்பைத் திறந்த ஃபங்ஷன் விட்டுப்போன மிச்சம் அது. கார்டு அதைக் காத்திருப்பு நேரமாக எடுத்துக்கொண்டு, சொன்னபடி காத்திருந்தது.

குற்றம் அவர்களுடையது என்று அன்று சத்தம் போட்டேன். இல்லை, என்னுடையது. பூஜ்யம் வேண்டும் என்று எழுதியவன், பூஜ்யம் அல்லாததை முதல் நாளிலேயே மறுத்திருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு ‘இஃப்’ வரி, அதாவது நிபந்தனை வரி, போதும். மறுத்திருந்தால் அந்தப் புரோகிராமை எழுதியவர் அன்றே திருத்தியிருப்பார், அந்த இடமும் உண்மையிலேயே எனக்காகக் காத்திருந்திருக்கும். மறுக்காமல் விட்டதால், காலி என்று நான் நினைத்த இடத்தில் ஊரார் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் இணைத்திருந்த நிரலில் தேடினேன். உங்கள் நான்கு பைட்டையும் எவரும் சோதிக்கவில்லை. ஆகவே அது உங்களுடையது அல்ல. இப்போது போய்ச் சோதித்து மறுத்தாலும், நேற்றுவரை ஓடிய புரோகிராம் இன்று நின்றுவிடும். இந்த ஸ்ட்ரக்டை டிரைவருக்கு அனுப்பும் பழைய கட்டளையைத் தொடாமல் விட்டுவிட்டு, புதிய எண்ணில் இன்னொரு கட்டளை வையுங்கள். லினக்ஸ் 4.6-இல், 2016-இல், ஈத்டூலுக்கும் அதைத்தான் செய்தார்கள். வேக வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் என்று வைத்திருந்த 32 பிட் போதாமல் போய்விட்டது. புதிய ஸ்ட்ரக்டில் அந்த இஃப் வரி முதல் நாளே இருக்கட்டும்.

பழைய கட்டளையில் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் சேர்த்து, அந்த நான்கு பைட்டில் என்ன வருகிறது என்று ஒரு மாதம் பதிவு செய்யுங்கள். ஏதாவது வந்தால் எழுத்தாக மாற்றிப் படித்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.