‘அந்த நாள்’ பார்த்த இரவில் அப்பத்தா சொன்னது

‘பார்த்துப் பல வருடமாகியும் உங்களை விட்டு நீங்காத பழைய த்ரில்லர் படம் எது? ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ‘அந்த நாள்’. படம் வந்தது 1954-இல். நான் பார்த்தது 1988-இல், காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் (கூடத்தில்), தூர்தர்ஷனில். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னை மீது குண்டு வீசியதற்கு மறுநாள் காலை, ரேடியோ என்ஜினீயர் ராஜன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். ராஜனாக வருபவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வெளியாகி இரண்டே வருடம் ஆகியிருந்தது. ஊரே கொண்டாடிய நடிகரைப் படம் தொடங்கியதுமே சாகடிக்க இயக்குநர் எஸ். பாலச்சந்தருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. திரைக்கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக வந்து ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். கொலையாளி யார் என்பதை இங்கே எழுத மாட்டேன். நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தயாரித்த ஏவி. மெய்யப்பன் எங்கள் காரைக்குடிக்காரர். சென்னைக்குப் போவதற்கு முன் தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டுடியோ வைத்திருந்தார். ‘நாம் இருவர்’ (1947) அங்கே எடுத்த படம். அதனால் ஏவி.எம். படம் என்றாலே எங்கள் தெரு முழுவதும் டிவி முன்னால் கூடிவிடும். அன்றும் கூடியது. அரை மணி நேரத்தில் கலைந்தும் போனது. ‘பாட்டு எப்போது வரும்?’ என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் எழுந்து போனார்கள், பின்னாலேயே பெரியவர்களும். முதலில் வெளியானபோதும் படம் சரியாக ஓடவில்லை. தேசிய விருதில் நற்சான்றிதழ் கிடைத்தது பிறகுதான்.

கடைசி வரை இருந்தவர்கள் நானும் அப்பத்தாவும் மட்டும். அப்பத்தா தூணில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, பனையோலையில் கொட்டான் (சிறு கூடை) முடைந்துகொண்டிருந்தாள். டிவி பார்க்கும்போதும் அவள் விரல்கள் பாட்டுக்கு ஓலையை மடித்துக்கொண்டே இருக்கும். ஜப்பான்காரன் குண்டு போட்ட பேச்சு வந்ததும் விரல்கள் நின்றன. படம் முடியும் வரை அந்தக் கொட்டானில் இன்னொரு ஓலை ஏறவில்லை.

ஐயா, அதாவது அப்பத்தாவின் கணவர், குண்டு விழுந்த அந்த யுத்த நாட்களில் பர்மாவில், ரங்கூனில் இருந்தார். பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாக, கொண்டுவிக்கப் போய் (அக்கரைக்குப் பிழைக்கப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரைக்கும் உயர்ந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ஐயா அரக்கான் மலைப் பாதையில் நடந்து சிட்டகாங் வந்து, அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்தார். அந்த வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. இடுப்பில் கட்டியிருந்த சவரன் பையை வழிப்பறிக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் அறிந்த கதை. நாங்கள் படம் பார்த்த அன்று ஐயா இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

அந்தப் படத்தில் ராஜன் ஒருவன்தானா என்றே சந்தேகம் வரும். ஒருவர் சொல்லும்போது சொத்துக்குச் சண்டை போடுகிறவன், இன்னொருவர் சொல்லும்போது வேறொரு பெண்ணிடம் போய் வருகிறவன், மனைவி சொல்லும்போது படிப்பும் கனவும் நிறைந்த இளைஞன். மாருதி ராவின் ஒளிப்பதிவில் அந்த முகத்தில் எப்போதும் எங்காவது கொஞ்சம் இருட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் வேறு வேறு விதமாகச் சொல்லும் ஜப்பானியப் படம், அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ (1950), தந்த உந்துதலில் பிறந்த படம்தான். ஆனாலும் நான் பிற்பாடு இரண்டையும் பார்த்தபோது, நம் படம்தான் எனக்கு அதிகம் வலித்தது. இதில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வீட்டையும் அண்டை அயலையும் சேர்ந்தவர்கள்.

டிவியை அணைத்த பிறகும் அப்பத்தா எழுந்திருக்கவில்லை. “அந்த அதிகாரி எல்லாரையும் கேட்டார், பார்த்தாயா தம்பி. நான் ஒருவரையும் கேட்கவில்லை” என்றாள். பிறகு வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்து, பழுப்பேறிய ஒரு துணிப் பையை எடுத்து வந்தாள்.

ஐயா கப்பல் ஏறுமுன் அவளே தைத்துக் கொடுத்த பை அது. இரட்டை நூல், வாயில் சுருக்குக் கயிறு. ஐயா ஊர் திரும்பிய அன்று அவருடைய அழுக்கு வேட்டிக்குள் சுருண்டு கிடந்ததாம். “மலைப் பாதையில் பறிக்கிறவன் கத்தியால் அறுத்துக்கொண்டு ஓடுவான். முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துக்கொண்டு, வெறும் பையைத் திருப்பியா கொடுப்பான்?”

நான் பையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வெட்டு இல்லை, கிழிசல் இல்லை. படத்தில் வந்த எந்தத் தடயமும் என்னை அப்படிச் சில்லிட வைக்கவில்லை. ஐயா சாகும் வரை முப்பத்தொன்பது வருடம் இதைத் தெரிந்துகொண்டே அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

அடுத்த விடுமுறையிலேயே விசாரிக்கத் தொடங்கினேன். ஐயாவின் தம்பி, எங்கள் சின்ன ஐயா, தானும் அதே பாதையில் வந்தவர். “பறிக்கவும் இல்லை ஒன்றும் இல்லை. கூட வந்த பையனுக்குக் காய்ச்சல். படகில் ஏற்ற மாட்டேன் என்றான் படகுக்காரன். அண்ணன் அவனிடம் அள்ளிக் கொடுத்துவிட்டார்” என்றார். பிறகு அந்தப் பையனையே தேடிப் போனேன். தேவகோட்டையில் எழுபதை நெருங்கிய பெரியவராக இருந்தார். “படகா? நான் படகே ஏறவில்லை தம்பி. உங்கள் ஐயா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சவரன் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது” என்று அழுதார். ஐயா ஏன் வழிப்பறி என்று சொன்னார் என்பதற்கு இருவரிடமும் பதில் இல்லை. முதலாளியின் பணமும் அந்தப் பையில் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

மூன்று கதைகளையும் அப்பத்தாவிடம் வந்து சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். பையின் சுருக்குக் கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டு, என் கையில் கொடுத்தாள். இப்போது அது என் அலமாரியில் இருக்கிறது. ‘அந்த நாள்’ படத்தை அதன் பிறகு ஆறேழு முறை பார்த்துவிட்டேன். அவள் போட்ட முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.