கிரவுன்-பினியன் புதிது, சத்தம் மட்டும் போகவில்லை: பாகம் விற்றவர் பொறுப்பா, பொருத்தியவர் பொறுப்பா?

கேள்வி: சேலம் கோரிமேட்டில் குடியிருக்கிறேன். சொந்த லாரியை நானே ஓட்டுகிறேன். ஏற்காட்டுக்கு சிமென்ட், அரிசி ஏற்றிப் போய், திரும்பும்போது காப்பி, மிளகு மூட்டைகளை இறக்கி வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் பின் ஆக்ஸிலைப் பிரித்தபோது, உள்ளே கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றிவிடும் சிறிய பல்சக்கரமான பினியனின் பல் உடைந்திருந்தது. கடையில் புதிய கிரவுன்-பினியன் செட் வாங்கிக் கொடுத்து, பட்டறையில் மாட்டினேன். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஆக்ஸிலேட்டரில் கால் வைத்திருக்கும்போது 40, 50 வேகத்தில் நீளமாக ஊளையிடும் சத்தம் வருகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. புதுசு அப்படித்தான் கத்தும், ஓட ஓட அடங்கிவிடும் என்கிறார் மெக்கானிக். பொருத்தியது சரியில்லை என்கிறார் கடைக்காரர். மறுபடி பிரிப்பதென்றால் நான் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? செலவை யாரிடம் கேட்பது?

பதில்: ஓட ஓட அடங்கிவிடும் என்ற பேச்சை நம்பி இன்னும் ஒரு லோடுகூட ஏற்றாதீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கிரவுன், பினியன் பற்களின் மேற்பரப்பு மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும்; உள்ளே இருக்கும் உருக்கு அதைவிட மென்மையானது. பற்கள் ஒன்றையொன்று தவறான இடத்தில் தொட்டுக்கொண்டு ஓடினால், அந்தத் தவறான தடமே பல்லின் மேல் தேய்ந்து பதிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாக அளவு வைத்தாலும் சத்தம் போகாது, செட்டையே மாற்ற வேண்டிவரும். இரண்டாம் முறை செலவு ஆகாமல் இருக்க வேண்டுமானால் வண்டி இப்போதே நிற்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அடையாளமும் முக்கியமானது. வளைவில் திரும்பும்போது மட்டும் சத்தம் என்றால் வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்களையும் வாஷர்களையும் பார்க்க வேண்டும். கால் வைத்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இழுவையில் மட்டும் ஊளையிட்டு, கால் எடுத்ததும் நிற்கிறது என்றால், பெரும்பாலும் பல் தொடும் இடத்திலோ பினியனின் பேரிங் இறுக்கத்திலோதான் குறை இருக்கும். அளவு வைப்பது என்று பட்டறையில் சொல்லும் வேலையின் இதயம் இந்த இரண்டும்தான்.

பிரிக்கும்போது நீங்கள் நேரில் இருங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு போல நுண்ணிய துகள் ஒட்டியிருப்பது புதிய செட்டில் இயல்பு. கையில் குத்தும் செதில்கள் இருந்தால் இயல்பு அல்ல. அதைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்து, கிரவுன் சக்கரத்திலும் பினியனின் முகப்பிலும் பொறிக்கப்பட்டிருக்கும் ஜோடி எண்ணைத் துடைத்துப் பாருங்கள். இந்த இரண்டையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று ஓடவிட்டு, இழைத்து, ஒரே எண் குத்தி ஜோடியாகத்தான் அனுப்புகிறார்கள். எண்கள் வேறாக இருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. அது செட்டே அல்ல, விற்ற கடைதான் பொறுப்பு.

எண்கள் ஒத்துப்போனால், பொருத்திய விதத்துக்கு வருவோம். அநேகமான பட்டறைகளில் தவறு நடக்கும் இடம் ஷிம்தான். பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை அதன் பின்னால் போடும் மெல்லிய உலோகத் தகடான ஷிம் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பினியனும் கடைசலில் மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு கூடவோ குறையவோதான் வரும். அந்த வித்தியாசத்தைப் பல தயாரிப்புகளில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு பினியன் மேலேயே பொறித்திருப்பார்கள். பழைய பினியனில் கூட்டல் 5 என்றும் புதியதில் கழித்தல் 3 என்றும் இருந்தால், ஷிம்மின் தடிமன் 0.08 மில்லிமீட்டர் மாற வேண்டும். கூட்டுவதா குறைப்பதா என்பது அந்த ஆக்ஸிலின் அமைப்பைப் பொறுத்தது. ஒரு தலைமுடியின் தடிமன்தான், ஆனால் பல் தொடும் தடத்தை இடம் மாற்ற அது போதும். பழைய ஷிம்மையே கழுவித் துடைத்துத் திரும்பப் போட்டிருந்தால் உங்கள் வண்டியில் வரும் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். "ஷிம் மாற்றினீர்களா, பழையது எத்தனை, புதியது எத்தனை?" என்று கேளுங்கள். அளந்தவர் தயங்காமல் எண்ணைச் சொல்வார்.

அடுத்தது பினியன் பேரிங்கின் இறுக்கம். பினியன் செட்டை மட்டும் புதிதாகப் போட்டு, காசு மிச்சம் என்று பழைய பேரிங்கையே விடுவது கண்ணுக்குத் தெரியாத தவறு. லோடு ஏறும்போது பினியன் அசைந்தால் மற்ற அளவுகள் எல்லாம் வீண். இறுக்கத்தைப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பினியனின் முனையிலுள்ள வட்டத் தட்டான ஃபிளாஞ்சின் மேல் ஒரு கயிற்றைச் சுற்றி, அதன் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி, சீராக இழுக்கும்போது தராசு காட்டும் எடையைப் பார்க்க வேண்டும். இழுக்கத் தொடங்கும்போது முள் குதிக்கும், அந்தக் கணக்கு சேராது. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது நிற்கும் எண்தான் அளவு. ஆயில் சீல் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சீலின் உராய்வும் அளவில் சேர்ந்துவிடும். எத்தனை கிலோ என்பது ஃபிளாஞ்சின் ஆரத்துக்கும் கம்பெனி அளவுக்கும் ஏற்ப மாறும். புதிய பேரிங்குக்குக் கூடுதலாகவும் ஓடிய பேரிங்குக்குக் குறைவாகவும் வைப்பார்கள். நட்டை இறுக்கிவிட்டு, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லும் வேலையை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஒரு தராசும் முழம் கயிறும் வைத்திராத பட்டறை இந்த வேலைக்கு ஏற்ற பட்டறை அல்ல.

பிறகு, பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆட்டம், அதாவது பேக்லாஷ். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையைக் கிரவுன் பல்லின் வெளிப்புறத்தில் செங்குத்தாக வைத்து, கிரவுனை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். நடுத்தர, கனரக லாரிகள் பலவற்றில் இது 0.20 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எத்தனை என்பதைக் கம்பெனிப் புத்தகத்தில் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். இடத்துக்கு இடம் அளவு கணிசமாக மாறினால் கிரவுன் நேராக உட்காரவில்லை, அடியில் அழுக்கோ பிசிறோ இருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, நீங்களே கண்ணால் பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கிரவுனின் பத்துப் பன்னிரண்டு பற்களில் மஞ்சள் பெயின்ட் குழம்பையோ நீல மார்க்கிங் பசையையோ மெல்லியதாகத் தடவி, கிரவுனை ஒருவர் மரக்கட்டையால் லேசாகத் தடுத்துப் பிடித்திருக்க, மற்றவர் பினியனைச் சுற்ற வேண்டும். பசை விலகி, பற்கள் தொட்ட இடம் கட்டைவிரல் ரேகை வைத்தது போலத் தெரியும். அந்த ரேகை பல்லின் உயரத்தில் ஏறக்குறைய நடுவிலும், நீளத்தில் நடுவிலிருந்து உள்முனைப் பக்கம் சற்றே தள்ளியும் இருந்தால் நல்லது. லோடு ஏறும்போது அது தானாக வெளிமுனை நோக்கிப் பரவும். பல்லின் உச்சி விளிம்பில் மட்டும் ரேகை விழுந்தால் பினியன் வெளியே நிற்கிறது, அடிவேரில் விழுந்தால் அதிகம் உள்ளே போய்விட்டது. இந்த ரேகையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய ஹவுசிங்குக்குள், அதாவது ஆக்ஸில் கூட்டுக்குள், நடந்த வேலைக்கு நம் கையில் மிஞ்சும் சாட்சி அது ஒன்றே.

பல ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் வண்டிக்கு நம்மூர்ப் பட்டறை ஒன்றில் இதே வேலை நடந்தது. ரேகை பார்க்காமலேயே மூடினார்கள். நானும் பக்கத்தில் நின்றும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் தொப்பூர்க் கணவாய் தாண்டுவதற்குள் பினியன் போய்விட்டது. அன்று கேட்காமல் நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. ஷிம்மை மாற்றி, இறுக்கத்தையும் பேக்லாஷையும் திருத்தியதும் ரேகை சரியான இடத்துக்கு வந்துவிட்டால், பாகத்தில் குறை இல்லை, முதல் முறை பொருத்தியவர்தான் பொறுப்பு. எந்த ஷிம் போட்டாலும் ரேகை சரியான இடத்தில் விழவில்லை, அல்லது ஒரு பல்லுக்கு ஒரு மாதிரி விழுகிறது என்றால், ஹவுசிங் வளையாமல் இருக்கும்பட்சத்தில் பாகத்தையே சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனையை வேறொரு பட்டறையில், இரு தரப்புக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, முடிந்தால் அவர்களை வரவழைத்துச் செய்யுங்கள். ஷிம் தடிமன், தராசு அளவு, பேக்லாஷ் மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மூடிய பின் முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதி லோடுக்கு மேல் வேண்டாம், ஏற்காட்டு ஏற்றமும் வேண்டாம். பினியன் கிரவுனின் மையத்திலிருந்து விலகி அமைந்த ஹைபாய்டு செட்டில் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்வதால் கம்பெனி சொன்ன ஜி.எல்.-5 தர ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். அதையே பழக்கத்தில் கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள், அங்கே பித்தளை வளையங்கள் இருந்தால் கெட்டுப்போகலாம். ஹவுசிங் மேலுள்ள காற்றுப் போக்கியான பிரீதரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அது அடைத்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, ஹப் சீல் வழியே ஆயில் கசிந்து பிரேக் லைனரில் இறங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும் வண்டிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

கேள்வி: எப்படியும் மாற்றுகிறோம், 41/7 இருந்த இடத்தில் 41/6 போட்டால் மலை ஏற எளிதாக இருக்கும் என்கிறார்கள். போடலாமா? (அதே வாசகர்)

பதில்: 41 என்பது கிரவுனின் பற்கள், 7, 6 என்பவை பினியனின் பற்கள். 41ஐ 7ஆல் வகுத்தால் 5.86, 6ஆல் வகுத்தால் 6.83. இழுவை ஆறில் ஒரு பங்கு கூடும் என்பது உண்மை. இறக்கத்தில் இன்ஜின் பிடிமானமும் அதே அளவு கூடும். அதே சமயம், ஒரு வேகத்தில் 1,800 சுற்று சுற்றிய இன்ஜின் இனி 2,100 சுற்று சுற்றும். ஏற்காட்டோடு நிற்கும் வண்டிக்கு இது ஒத்துவரலாம். வாரம் ஒருமுறை சென்னை, பெங்களூரு என்று நெடுஞ்சாலையில் ஓடினால் டீசலில் இழப்பீர்கள். ஸ்பீடோமீட்டர் சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால் முள் 70 காட்டும்போது வண்டி 60இல்தான் போகும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்துத் திருத்த வேண்டும். உங்கள் ஹவுசிங்குக்கு அந்த ஜோடியைக் கம்பெனியே கொடுத்திருக்கிறதா என்று பாக எண்ணை வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என் கருத்தில், இப்போதிருக்கும் சத்தத்தின் வழக்கு முடியும்வரை வேறு செட்டுக்கு மாறாமல் இருப்பதே நல்லது. மாறினால் சாட்சி கலைந்துவிடும்.

கேள்வி: வாடகை லாரி என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு எடுக்க மாட்டார்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். பில்லும் துண்டுச் சீட்டில்தான் இருக்கிறது. (அதே வாசகர்)

பதில்: கடைக்காரர் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கமே கூறுகிறது. லாரியை வாங்கித் தானே வாடகைக்கு ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் எடுத்துக்காட்டோடு சொல்லியிருக்கிறது. துணைக்கு ஓரிரு ஆள் வைத்துக்கொள்வதால் அந்த உரிமை போவதில்லை. கிளீனர் இருக்கிறார் என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. நான்கைந்து வண்டி வைத்து ஓட்டுநர்களைக் கொண்டு நடத்துபவருக்கு இந்த வாதம் எளிதில் செல்லாது.

முறையான பில் தராததே அச்சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. துண்டுச் சீட்டு, பணம் செலுத்திய செல்போன் பதிவு, பாகம் வந்த அட்டைப்பெட்டி, அதில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய கிரவுன்-பினியனை எக்காரணம் கொண்டும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், மாற்றுக்கும் கொடுத்துவிடாதீர்கள்; பொருளின் குறையை நிரூபிக்க ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஆணையம் அதைத்தான் அனுப்பும்.

முதலில் கடைக்கும் பட்டறைக்கும் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரையும் பதியுங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, கடை எந்த ஊரில் இருந்தாலும், குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கடைக்காரர், பட்டறைக்காரர் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் பழியை வெளியே இருப்பவர் மேல் போட்டுவிட்டுப் போய்விடுவார்.