அம்மாவின் வாழ்க்கையை எழுதி வைக்க எங்கிருந்து தொடங்குவது?

அம்மா தவறிச் சில மாதங்கள் ஆகின்றன, அப்பா வாயே திறப்பதில்லை, அம்மாவைப் பற்றி எழுதி வைக்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா போன பிறகு நானும் இதே வேலையில் இறங்கியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் நினைவுகளிலிருந்து தொடங்காதீர்கள். அவை எங்கேயும் போகாது. அப்பாவிடமிருந்து தொடங்குங்கள்.

நமக்குத் தெரிந்ததெல்லாம் நாம் பிறந்து, விவரம் தெரிந்த பிறகு பார்த்த அம்மாவைத்தான். அதற்கு முன்னால் ஒரு பெண் சிரித்து, சண்டை போட்டு, பிடிவாதம் பிடித்து வாழ்ந்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் கொஞ்ச காலம் அம்மாவின் சம்பளத்தில்தான் வீடே ஓடியது என்பது அவர் இருந்தவரை எனக்குத் தெரியாது. அவரும் சொல்லிக்கொண்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை.

ஆனால் "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டுவிடாதீர்கள். "நல்லவ" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். வீட்டை வைத்துக் கேளுங்கள். "நீங்க முதல்ல குடியிருந்த வீட்டுல ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது?" என்றுதான் நான் ஆரம்பித்தேன். ஜன்னலில் தொடங்கிய பேச்சு, அந்தத் திண்டில் காலை நீட்டி உட்கார்ந்து, செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் அம்மாவிடம் வந்து நின்றது. குறுக்கெழுத்தை முடிக்கும்வரை தாளை யாரும் தொடக் கூடாதாம். வயதானவர்களுக்கு ஏறக்குறைய 10 முதல் 30 வயதுவரை நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகம் நினைவில் நிற்கும் என்பதை உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவிடமும் அந்தப் பழைய நாட்களைத் தொட்டால் பேச்சு வரக்கூடும்.

ஒரு நாள் நிறையப் பேசுவார், மறுநாள் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். கவலைப்படாதீர்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் இதைத்தான் விளக்கினார்கள்: துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைப்பதும், அதை ஒதுக்கிவைத்து அன்றாட வேலைக்குத் திரும்புவதுமாக மாறிமாறிப் போவார், அது இயல்பு. துக்கம் மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து கட்டங்களாக வரும் என்று எல்லோரும் சொல்வார்களே, அதை வைத்து அப்பாவை அளக்க வேண்டாம். எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான். அதே சமயம், ஆறு மாதத்துக்கு மேலாகியும் சாப்பாடு, தூக்கம், அன்றாட வேலை எதுவும் நடக்காத அளவுக்குத் துக்கம் அழுத்தினால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அண்ணன், சித்தி, அம்மாவின் பள்ளித் தோழி என்று எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுகிறவரின் அம்மாதான் மிஞ்சுவார். நினைவு என்பது அப்படியே எடுத்து நீட்டும் பொருள் இல்லை. ஒரு புதுக் கதையைப் பலமுறை திருப்பிச் சொல்ல வைத்துச் சோதித்த உளவியலாளர் ஃப்ரெடெரிக் பார்ட்லெட், ஒவ்வொரு முறையும் விவரங்கள் உதிர்வதையும், சொல்பவருக்குப் பழக்கமான வடிவத்துக்கு அது மாறுவதையும் 1932இலேயே காட்டிவிட்டார். என் அக்காவுக்கு அம்மா கண்டிப்பானவர், எனக்குச் செல்லம் கொடுத்தவர். இரண்டையும் யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதி வைத்தேன். நடுவில் அம்மாவே மாறியிருக்கலாம், இல்லையா?

கோபதாபங்களையும் விட்டுவிடாதீர்கள். இரங்கல் செய்தியில் அன்பான மனைவி, பாசமிகு தாய் என்று போடலாம், தப்பில்லை. ஆனால் அந்த வரியை யாருடைய அம்மாவுக்கும் போடலாம். என் அம்மாவுக்கு அப்பாமேல் கோபம் வந்தால், அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் அம்மா என்னிடம்தான் சொல்லுவார்: "உங்க அப்பாகிட்ட சொல்லு, விளக்கை அணைச்சிட்டுப் படுக்கச் சொல்லு." அப்பாவும் என்னிடமே பதில் சொல்லுவார். எங்கள் வீட்டுத் தபால்காரன் நான்தான். அம்மாவைத் தெய்வமாக்கி எழுதியிருந்தால் இதெல்லாம் போயிருக்கும்.

அவசரமான வேலை ஒன்று இருக்கிறது: அம்மாவின் கைப்பேசி. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். எண்ணுக்குப் பணம் கட்டாமல் விட்டால் அது வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும். குரல் செய்திகளை இன்றே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். "சரி, வைக்கட்டுமா" என்று சொல்லிவிட்டு அம்மா புதிதாக ஒரு கதை ஆரம்பிப்பார். அந்த இழுவையை எவ்வளவு எழுதினாலும் காதில் கேட்க வைக்க முடியாது. பழைய புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயர்களையும் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முகம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருவார்கள்.

எழுதும்போது பிறந்தது முதல் இறந்ததுவரை வரிசையாகப் போக வேண்டும் என்று ஒன்றுமில்லை. துண்டு துண்டாக எழுதுங்கள், அப்புறம் அடுக்கிக்கொள்ளலாம். ஒரு துண்டு முடிந்ததும் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். "அது அப்படி இல்லப்பா, நடந்தது வேற" என்பார். உடனே ஒலிப்பதிவைப் போட்டுவிடுங்கள்.