வைரியை விரட்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோட்டத்தில் பறவைகளுக்காகத் தட்டில் தண்ணீர் வைக்கிறேன். போன வாரம் சாம்பல் நிறப் பறவை ஒன்று எங்கிருந்தோ பாய்ந்து வந்து ஒரு சிட்டுக்குருவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது வைரி என்றார் நண்பர். பருந்துபோல வானத்தில் வட்டமிட்டதை நான் பார்க்கவே இல்லையே? இனி வந்தால் விரட்டிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

விரட்டாதீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் வேண்டாம்.

பருந்து உயரத்தில் மிதந்தபடி இரை தேடும். வைரியின் வேட்டை அப்படியல்ல. இலை மறைவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சமயம் பார்த்து, புதரை ஒட்டித் தாழ்வாகப் பறந்து வந்து பாயும். கிளைகளுக்குள் புகுந்து போகக் குட்டையான, நுனி வட்டமான இறக்கைகள். சட்டென்று திரும்ப நீண்ட வால். இந்த உடலமைப்போடு அண்டார்ட்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இந்த இனப் பறவைகள் வாழ்கின்றன. இவ்வளவு இருந்தும் பெரும்பாலான பாய்ச்சல்கள் வீண்தான். நீங்கள் பார்த்தது அபூர்வமான வெற்றி.

பிடித்த இரையை நகங்களால் இறுக்கியே கொல்லும். அப்புறம் ஒரு மரக்கட்டையிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்து இறகுகளைப் பிடுங்கும். தோட்டத்தில் இறகுகள் சிதறிக் கிடந்தால் ஒன்றை எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். தண்டு முழுசாக இருந்தால் பிடுங்கியது பறவை. கடித்துத் துண்டாகியிருந்தால் பூனை போன்ற விலங்கின் வேலை. எத்தனையோ தோட்டங்களில் பூனை செய்ததற்கு வைரி பழி சுமக்கிறது!

குடும்பத்தில் பெண்தான் பெரியது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழும் சிட்டுப்பருந்தும் இந்த இனம்தான். அதன் பெண், ஆணைப்போல இரண்டு மடங்கு எடைகூட இருக்கும். அது சுமார் 33 நாட்கள் அடைகாக்கும். அத்தனை நாளும், குஞ்சுகள் பொரித்த பிறகும் ஆண்தான் வேட்டையாடி இரை கொண்டுவர வேண்டும். அந்தச் சின்னப் பறவையின் உழைப்பை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

வைரி குருவிகளைத் தீர்த்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இரை குறைந்தால் முதலில் குறைவது வைரிதான். விஷமும் அப்படித்தான்: வயலில் தெளித்த டிடிடி என்ற பூச்சிமருந்து சிறு பறவைகளின் உடலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர, அவற்றை நாள்தோறும் தின்னும் சிட்டுப்பருந்தின் உடலில் மொத்தமாகக் குவிந்தது. முட்டை ஓடுகள் மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தன. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற பறவை ஆய்வாளர் 1967இல் பழைய முட்டை ஓடுகளோடு ஒப்பிட்டு இந்த மெலிவைக் காட்டினார். அந்த மருந்துகளைக் கட்டுப்படுத்திய பிறகே அங்கே சிட்டுப்பருந்துகள் மீண்டன.

சரி, குருவிகளுக்கு என்ன செய்யலாம்? தட்டை அடர்ந்த புதரிலிருந்து நாலைந்து தப்படி தள்ளி வையுங்கள். குருவிகள் ஓடி ஒளிய இடம் கிடைக்கும். பூனையும் பதுங்கிப் பாய முடியாது. வைரி தினமும் வர ஆரம்பித்தால் ஒன்றிரண்டு வாரம் தட்டை எடுத்துவிடுங்கள். குருவிகள் கலைந்ததும் அதுவும் வேறு இடம் தேடிப் போய்விடும்.