உலகக் குடிமைக் கல்வி என்றால் என்ன? ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில் அதை எப்படிக் கொண்டுவருவது?

வேறு மொழி, மதம், நாடு கொண்டவர்களின் வாழ்வும் நம் வாழ்வும் பிணைந்திருப்பதைப் புரிந்து, அவர்களை மதித்துப் பழகக் கற்பதுதான் இது. 2015-ல் ஐ.நா. ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற உட்பிரிவு இதையும் கேட்கிறது.

ஏன் தேவை? சில சிக்கல்களை ஒரே ஊரோ நாடோ தீர்க்க முடியாது. கரைவலையை இரண்டு பக்கமும் சேர்ந்து இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் தப்பிவிடும். இந்தியாவும் இலங்கையும் பகிரும் மன்னார் வளைகுடாவும் அப்படித்தான். மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது.

இதற்குப் புதுப் புத்தகம் வேண்டாம், இருக்கும் சுமையே போதும். பெரியபட்டினத்தில் பழைய சீனப் பீங்கான் பாத்திரத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அவை எப்படி இங்கே வந்தன, பதிலுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று பிள்ளைகள் கேட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. எல்லா மதத்தாரும் வரும் ஏர்வாடி தர்கா இன்னொரு பாடம். மண்டபம் அகதி முகாமின் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், அவர்களை எழுப்பிக் கதை சொல்லச் சொல்லாதீர்கள். அவர்களாகச் சொன்னால் சரி.

அப்புறம், இது நாட்டுப்பற்றைக் குறைக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். இது யாருடைய குடியுரிமையையும் மாற்றுவதில்லை, சொந்த ஊரின் வரலாற்றிலிருந்துதான் தொடங்குகிறது.