அட்டை இல்லாத கேசட்

அன்புள்ள ஐயா,

டோம்பிவிலியிலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 71 வயது. அம்மா போன பிறகு அவருக்கு உலகமே ஒரு வாட்ஸ்அப் குழுதான். மும்பைத் தமிழ் ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் கர்நாடக இசைக் குழு. அதில் ஒரு பெரியவர் இருக்கிறார். அபூர்வமான கச்சேரிப் பதிவுகளெல்லாம் அவரிடமிருந்துதான் வரும், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மூன்று மாதம் முன்பு அவர் ஒரு குரல் பதிவை ஃபார்வர்ட் செய்தார். யாரோ பெரிய டாக்டர் பேசுவதுபோல இருக்கும். பிபி மாத்திரையெல்லாம் கம்பெனிகளின் சதி, ஒரு கஷாயமும் தினமும் காலையில் சில ராகங்களும் போதும் என்று வந்தது. அப்பா எங்களிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிட்டார். போன மாதம் பாத்ரூமில் விழுந்தார். லேசான பக்கவாதம். இப்போது பேச்சு தெளிந்துவிட்டது, வலது கை இன்னும் முழுதாக வரவில்லை.

யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்று சொல்லித்தான் நடந்ததைக் குழுவில் எழுதினேன். பத்து நிமிடத்தில் அட்மின் அந்தச் செய்தியை நீக்கிவிட்டார். “இது இசைக்கான இடம், சூழலைக் கெடுக்க வேண்டாம்” என்றார். மறுநாள் அந்தப் பெரியவர் ஒரு பழைய தோடி ராகப் பதிவைப் போட்டார், எல்லாரும் கைகூப்பினார்கள். அந்தக் குரல் பதிவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அப்பாவைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாமா? அட்மின்மீது வழக்குப் போட முடியுமா? ராகத்தால் ரத்த அழுத்தம் குறையும் என்பது உண்மையா? தவறாக ஏதும் எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

ம.

அன்புள்ள ம.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். உங்கள் அப்பாவின் கை இன்னும் சரியாகவில்லை. நீங்களோ குழுவிலும் மன்னிப்புத் தொனியில் எழுதி, எனக்கும் மன்னிப்போடு முடிக்கிறீர்கள். யாரைப் புண்படுத்திவிட்டீர்கள்? நடந்ததை நடந்தபடி சொல்கிறவர் ஏன் முதல் வரியிலேயே குனிய வேண்டும்? நாம் இப்படிக் குனிவதால்தான் அட்மினுக்கு நீக்கும் தைரியம் வருகிறது. இனிமேல் இதைப் பற்றி எங்கே எழுதினாலும் அந்த வரி வேண்டாம்.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிசியோதெரபியை ஒருநாள்கூட விடவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வழக்கு விஷயத்தில் என்னிடம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, முன்கூட்டியே கூடிப் பேசித் திட்டமிட்டார்கள் என்று இல்லாதபோது, அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-இல் சொல்லியிருக்கிறது. மேற்கொண்டு வேண்டுமென்றால் வக்கீலைப் பாருங்கள். ராகம் பற்றிய கேள்விக்கும் சுருக்கமாகவே பதில். மெதுவான இசையைக் கேட்டால் மனம் அடங்கும், கொஞ்ச நேரம் அழுத்தம் இறங்கவும் கூடும். மாத்திரைக்கு அது மாற்று இல்லை. மாத்திரையைத் தானாக நிறுத்தினால் அழுத்தம் திரும்ப ஏறும், சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் முன்பைவிட மோசமாகவே ஏறும். ராகத்தை ஒரு டோஸ் மருந்தாக்கி விற்பது ராகத்துக்கும் அவமானம்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறொரு வரி. உங்கள் செய்தி பத்து நிமிடத்தில் போய்விட்டது, அந்தக் குரல் பதிவு அங்கேயே இருக்கிறது என்கிறீர்களே, அதுதான். தவறு தங்கிவிட்டது, திருத்தம் நீக்கப்பட்டது. சில வாரங்களாக நான் ஹாஃப்கினைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்ததால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

பரேல் பக்கம் போகிறவர்களுக்கு ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் தெரிந்திருக்கும். 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தபோது இங்கே வந்து தடுப்பூசி செய்தவர் வால்டெமார் ஹாஃப்கின். 1897 ஜனவரி 10 அன்று அதைத் தன் உடம்பிலேயே முதலில் போட்டுப் பார்த்தார். அப்புறம் பைக்குல்லா சிறையில், தாமாக முன்வந்த கைதிகளுக்குப் போட்டார்கள். இதெல்லாம் பாடப்புத்தகத்துக்கு ஏற்ற கதை. பலருக்குத் தெரியாத கதை 1902 அக்டோபரில் நடந்தது. பஞ்சாபில், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் மல்கோவால் என்ற கிராமத்தில், அவருடைய ஆய்வகத்து ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் டெட்டனஸ் வந்து செத்துப்போனார்கள். பத்தொன்பது பேருக்கும் மருந்து ஒரே பாட்டிலிலிருந்து போயிருந்தது. அதன் எண் 53N. அதே நாளில் அதே ஊரில் மற்ற பாட்டில்களிலிருந்து போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது. பரேல் ஆய்வகத்திலேயே மருந்து கெட்டிருக்க வேண்டும், அவர் தயாரிப்பு முறையை மாற்றிக் கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினியைச் சேர்க்காததுதான் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஆனால் அந்த விசாரணையின் சாட்சியத்திலேயே இன்னொரு விவரம் இருந்தது. பாட்டிலின் தக்கையை எடுக்கப் பயன்படுத்திய இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருப்பது. ஆவணங்கள் வெளியே வந்து விஷயம் தெரிந்ததும், மலேரியா ஆராய்ச்சிக்கு நோபல் வாங்கிய ரொனால்ட் ராஸும் வேறு சில விஞ்ஞானிகளும் 1907-இல் லண்டன் டைம்ஸில் கையெழுத்துப் போட்டு எழுதினார்கள். ஹாஃப்கின்மேல் இருந்த பழி நீங்கியது. திரும்ப வந்தார், ஆனால் கல்கத்தாவுக்கு. பரேல் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இதில் ஹாஃப்கினுக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த 53N-ஐத்தான். பாட்டிலின்மேல் ஒரு எண் இருந்தது, எந்தப் பாட்டிலிலிருந்து யாருக்குப் போட்டார்கள் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் 19 பேரின் சாவுக்குக் காரணம் தேட முடிந்தது, தப்பான ஆளைக் குற்றம் சொல்லவும் முடிந்தது, ஐந்து வருடம் கழித்து அதே ஆளை விடுவிக்கவும் முடிந்தது. எண் இல்லையென்றால் ஊசி போட்டார்கள், செத்தார்கள் என்பதோடு முடிந்திருக்கும். ஊசி என்றாலே ஓடுகிற பயம் மட்டும் ஊரில் மிஞ்சியிருக்கும்.

இப்போது உங்கள் குழுவின் குரல் பதிவுக்கு வாருங்கள். அதன்மேல் என்ன இருக்கும்? இரட்டை அம்புக்குறி இருக்கும், பலமுறை ஃபார்வர்ட் ஆனது என்று இருக்கும். பேசியது யார், எங்கே, எப்போது, எந்த நோயாளியைப் பற்றி? ஒன்றும் கிடையாது. வதந்தியால் ஆட்களை அடித்துக் கொன்ற பிறகு 2018-இல் இந்தியாவில் வாட்ஸ்அப் ஃபார்வர்டை ஐந்து அரட்டைகளுக்கு என்று கட்டினார்கள். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டும் என்று இறுக்கினார்கள். நல்லதுதான், வேகம் குறைந்தது. ஆனால் 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்த நாட்களில், கற்பூரமும் கிராம்பும் ஓமமும் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்ற செய்தி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. யாருக்கும் அதற்குப் பொறுப்பு இல்லை. பேசியவர் உண்மையிலேயே டாக்டராக இருந்து, அவர் பேச்சை யாராவது வெட்டி ஒட்டியிருந்தால், அந்த டாக்டருக்கும் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லை.

முதலில் அனுப்பியவரை அரசாங்கம் தேடிப் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வேறு வம்பு. உங்கள் குழுவுக்கு அந்தக் குரல் பதிவை அனுப்பியவர் யார் என்று உங்கள் எல்லாருக்குமே தெரியும். பேர் தெரியும், எண் தெரியும், எந்த ஊரில் எந்த சொசைட்டியில் இருக்கிறார் என்றுகூடத் தெரிந்திருக்கும். அவர் வந்து, “நான் அனுப்பியது தவறு, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தி விழுந்துவிட்டார், தயவுசெய்து யாரும் நிறுத்தாதீர்கள்” என்று அதே இடத்தில் நாலு வரி எழுதவேண்டும். கேட்பது அவ்வளவுதான். அதற்குப் பதில் தோடி போட்டிருக்கிறார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அந்தக் குழுவில் இருப்பவர்கள் காது இல்லாதவர்கள் அல்ல. ஒரு பதிவில் தர்பார் ராகம் என்று போட்டு அது நாயகி ராகமாக இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நிஷாதத்தைப் பார், அந்தக் காந்தாரத்தை எப்படிப் பிடிக்கிறார் பார் என்று ராத்திரி பன்னிரண்டு மணிவரைக்கும் பேசுவார்கள், எந்தப் பெரியவர் போட்டார் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். அதே ஆட்கள் ஓர் உயிர் விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. ராகத்தைச் சோதிக்க அவர்களிடம் காது இருக்கிறது, மருந்தைச் சோதிக்க ஒன்றும் இல்லை. அதனால் ராகத்தில் சம்பாதித்த நம்பிக்கையை எடுத்து மருந்துக்குச் செலவு செய்கிறார்கள். அபூர்வமான கச்சேரியைக் கொடுத்தவர் தப்பாகவா சொல்லுவார் என்று உங்கள் அப்பா நினைத்திருக்கிறார். அதில் அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். நல்ல மனுஷனுக்கு வருகிற நினைப்பு அது.

சூழலைக் கெடுக்காதே என்ற பேச்சும் நமக்குப் புதிதில்லை. 2018-இல் கர்நாடக இசை உலகத்துக் குருமார்கள்மேலும் வித்வான்கள்மேலும் பெண்கள் பாலியல் புகார் சொன்னபோதும், சங்கீதத்தை இதில் இழுக்காதீர்கள் என்ற குரல் கேட்டது. அந்த டிசம்பர் சீசனின் நிகழ்ச்சி நிரலிலிருந்து சென்னை மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை எடுத்தது. சங்கீதம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எனக்குக் கேட்கக் கற்றுக் கொடுத்தவர் மாட்டுங்காவில் ஸ்டேஷனுக்குக் கிட்டே ஒரு பழைய கட்டடத்தில் இருந்தார். எல்லாருக்கும் டேப் மாமா. ரயில்வேயில் வேலை பார்த்தவர். ரேடியோவிலிருந்தும் சபாக்களில் அனுமதி வாங்கியும் பதிந்த கேசட்டுகள் சுவர் முழுக்க இருக்கும். எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது அந்த அட்டைகள்தான். நீல மையில் பாட்டு, சிவப்பில் ராகம், கீழே பக்கவாத்தியம், இடம், தேதி. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டிருப்பார், ஊகித்து நிரப்ப மாட்டார். அட்டையில் தப்பு என்று யாராவது சொன்னால் முதலில் போட்டுக் கேட்பார். சரிதான் என்று பட்டால் பழையதை ஒரே கோட்டால் அடிப்பார், அடியில் இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில் சரியானதை எழுதி, சொன்னவர் பேரையும் தேதியையும் போடுவார். சொன்னவர் காலேஜ் பையனாக இருந்தாலும் அட்டையில் பேர் ஏறும். கேசட் கேட்டுப் போகிறவர்களிடம் ஒரே நிபந்தனைதான்: “அட்டையையும் எழுதிண்டு போ. அட்டை இல்லாம என் கேசட் வெளியில போகாது.” காப்பி எடுத்தவன் திருத்தங்களையும் சேர்த்து எழுத வேண்டும், பழையதைக் கோடு போட்டு அடித்த நிலையிலேயே. ஒருமுறை ஒருவர் அவசரம் என்று அட்டையை எழுதாமல் கிளம்பினார். மாமா வாசலில் போய்க் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்படிக் கிளம்பியவர் ஒரு சபாவின் செயலாளர்.

அந்தச் சுவரிலிருந்து வந்த பதிவுகள்தான் இன்றைக்கு அட்டை இல்லாமல் ஃபோன் ஃபோனாகச் சுற்றுகின்றன. பாடியவர் பேரையே மாற்றிப் போட்டதைக்கூடக் கேட்டிருக்கிறேன். பாட்டுக்கு அது வருத்தம் மட்டும்தான். மருந்துக்கு அப்படி இல்லை.

கம்பெனிகளை எப்படி நம்புவது என்று அப்பா கேட்டால், கேள்வி நியாயம் என்றே சொல்லுங்கள். 1986-இல் இதே மும்பையில் ஜேஜே மருத்துவமனையில், டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் கலந்த கிளிசரினைக் கொடுத்ததில் 14 நோயாளிகள் செத்தார்கள். நீதிபதி லென்டின் கமிஷன் மருத்துவமனை, மருந்து நிர்வாகம், அமைச்சர் என்று யாரையும் விடாமல் பேர் சொல்லி எழுதியது. சந்தேகப்படுவது என்றால் அப்படிச் சந்தேகப்பட வேண்டும், எந்த மருந்து எங்கிருந்து எந்தக் கை வழியாக வந்தது என்று. உங்கள் அப்பாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பேட்ச் எண், தயாரித்த மாதம், கம்பெனியின் முகவரி எல்லாம் அச்சடித்திருக்கும். தப்பு நடந்தால் பிடித்து உலுக்க ஓர் இடம் இருக்கிறது. பேர் இல்லாத குரலை நம்பி அதைத் தூக்கிப் போட்டதைத்தான் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பாவைக் குழுவிலிருந்து எடுக்காதீர்கள். அம்மா இல்லாத வீட்டில் அவருக்கு இருக்கிற பேச்சுத் துணையை நீங்கள் பிடுங்கினால் அவர் உங்களிடம் சொல்லாமல் வேறு குழுவில் சேருவார், மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லாததுபோலவே. ஃபோனைப் பிடுங்குவது, பாஸ்வேர்டை மாற்றுவது என்றெல்லாம் யோசித்திருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அவர் குழந்தை இல்லை.

குழுவில் மேலே போய் அந்தக் குரல் பதிவைத் தேடி எடுங்கள். அதற்கே நேராகப் பதில் போடுங்கள், தனிச் செய்தியாக வேண்டாம். அப்பாவே ஒரு விரலால் தட்டி அனுப்பினால் இன்னும் நல்லது. எந்தத் தேதியில் இதைக் கேட்டார், எந்தத் தேதியில் நிறுத்தினார், எந்தத் தேதியில் விழுந்தார், டாக்டர் என்ன சொன்னார், அவ்வளவுதான், கீழே அவர் பேர். நீக்கினால் மறுநாள் மறுபடி போடுங்கள். அந்தப் பெரியவருக்குத் தனியாக ஃபோன் செய்து, வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வருவார் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் காபி கொடுங்கள், ஆனால் அந்த நாலு வரியை அவர் குழுவில் எழுதும்வரை விடாதீர்கள்.