பள்ளி ஆலோசகர் கூடுதல் மாணவர்களை மெட்ரிக் முடிக்கவைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் பகுதிகளில் நம் பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டுவிடாமல் மெட்ரிக் (12ஆம் வகுப்பு இறுதித் தேர்வு) முடிக்கப் பள்ளி ஆலோசகர் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 12ஆம் வகுப்பில் தொடங்கும் உதவி மிகவும் தாமதமானது என்பது என் உறுதியான கருத்து. தென்னாப்பிரிக்காவில் கட்டாயக் கல்வி 15 வயதிலோ 9ஆம் வகுப்போடோ முடிகிறது. 10ஆம் வகுப்புக்கான பாடங்களும் அந்தக் கட்டத்தில்தான் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கணிதமா, அன்றாட வாழ்க்கைக் கணக்குகளைக் கற்பிக்கும் எளிய பாடமான கணித எழுத்தறிவா என்னும் முடிவு பின்னாளில் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கான தகுதியையே தீர்மானிப்பதால், மாணவரின் மதிப்பெண்களையும் விருப்பத்தையும் முன்வைத்து ஆலோசகர் பெற்றோருடன் நிதானமாகப் பேச வேண்டும். வருகை குறையத் தொடங்கியதுமே, அது வீட்டுச் சிக்கலின் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதால், குடும்பத்தை அணுகுவது அவசியம். தேர்வில் தவறியவர்களுக்கு, அரசின் இரண்டாம் வாய்ப்பு மெட்ரிக் திட்டத்தில் சேரும் வழியை முடிவு வெளியான வாரத்திலேயே அவர் விளக்கிவிட வேண்டும்.